விஜய் சிங்: கெனிங்காவ் திடலிலிருந்து உலகின் முதலிடம் வரை

சபாவின் உட்பகுதியில், குரோக்கர் மலைத்தொடரைக் கடந்து சென்றால் வரும் ஊர் கெனிங்காவ். 1980களின் நடுப்பகுதியில் அங்குள்ள கிளப்பில் ஓர் இளைஞர் கோல்ஃப் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாடத்துக்கு 10 ரிங்கிட். பாடம் முடிந்ததும் தனியாக நின்று, வெளிச்சம் இருக்கும்வரை பந்து அடித்துக்கொண்டே இருப்பார். அவர் அப்போது ஆசியப் போட்டிகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். புள்ளி அட்டையில் முறைகேடு செய்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு.

அந்த இளைஞர் 2004 செப்டம்பர் 6ஆம் தேதி, தொடர்ந்து 264 வாரங்கள் உலகின் முதலிடத்தில் இருந்த டைகர் வுட்ஸை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தாம் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 41. அவர்தான் ஃபிஜியின் விஜய் சிங்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோல்ஃப் ஆடுவோர் அவரது பெயரை அறிவார்கள். ஆனால், அவரது வாழ்க்கையின் மிகக் கடினமான ஆண்டுகள் நம் நாட்டில்தான் கழிந்தன என்பது பலருக்குத் தெரியாது. அவரது வாழ்க்கையையும் விளையாட்டுப் பயணத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கரும்புத் தோட்டங்களின் நாடு

விஜய் சிங் 1963 பிப்ரவரி 22ஆம் தேதி ஃபிஜியின் லவுத்தோக்கா நகரில் பிறந்தார். லவுத்தோக்காவைச் 'சர்க்கரை நகரம்' என்று அழைப்பார்கள். சுற்றிலும் கரும்பு, நடுவில் சர்க்கரை ஆலை. நம் நாட்டில் ரப்பர் எப்படியோ அப்படித்தான் ஃபிஜியில் கரும்பு.

ஃபிஜி இந்தியர்களின் கதையும் நமக்குப் பழக்கமானதுதான். 1879இல் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை அங்கே கொண்டுவந்து இறக்கியது. 1916இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய 60,000 பேர் போய்ச் சேர்ந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. அந்தச் சொல்லே பின்னர் அந்தக் காலத்துக்கும் அந்த வேதனைக்கும் பெயராகிவிட்டது.

தொடக்கத்தில் சென்றவர்கள் பெரும்பாலும் வட இந்தியர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சென்றனர். மொத்தத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தென்னிந்தியர்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்காக 1926இல் தொடங்கப்பட்ட சங்கம் இன்றும் அங்கே பள்ளிகளை நடத்துகிறது. விஜய் சிங் வளர்ந்த நாண்டி நகரில்தான் புகழ்பெற்ற ஸ்ரீ சிவ சுப்ரமணிய சுவாமி ஆலயம் இருக்கிறது. ஃபிஜிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் தவறாமல் சென்று வரும் முருகன் கோயில் அது.

விஜய் சிங் தமிழர் அல்லர். ஃபிஜி இந்தி பேசும் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும், கடல் கடந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்களின் நாட்டிலிருந்து, அந்தச் சமூகத்திலிருந்து எழுந்து வந்தவர் என்ற வகையில் அவரது கதை நமக்கு அந்நியமானதல்ல.

ஓடுபாதைக்கு அந்தப் பக்கம்

தந்தை மோகன் சிங் விமானத் தொழில்நுட்பராக வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் கோல்ஃப் சொல்லிக் கொடுத்தார். அனைத்துலக விமான நிலையம் நாண்டியில் இருப்பதால், விமான நிலையத்தை ஒட்டிக் கோல்ஃப் திடலும் இருந்தது. சிறுவன் விஜய் அந்தத் திடலுக்குப் போக, விமான ஓடுபாதையைக் கடக்க வேண்டும். கடந்துதான் போனார்.

பந்து வாங்கக் காசு இல்லாத நாள்களில் தேங்காயை அடித்துப் பழகியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிரிக்கெட், ரக்பி, காற்பந்து, ஸ்னூக்கர் என எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தவர் கடைசியில் கோல்ஃபில் நிலைத்தார். பயிற்றுநரிடம் போக வசதி இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வைஸ்காஃப் மட்டை வீசும் முறையைப் படங்களில் பார்த்து, அதையே தமக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டார். இருவரும் உயரமானவர்கள் என்பதால் அந்த முறை அவருக்குப் பொருந்தியது.

1982இல், 19 வயதில், தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ஃபிஜியில் பணத்துக்காக ஆடும் போட்டிகள் பெரிதாக இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பிறகு ஆசியாவுக்கும் பயணமானார். 1984இல் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. அது மலேசியப் பிஜிஏ சாம்பியன்ஷிப் பட்டம். பின்னாளில் உலகை வென்றவரின் முதல் கோப்பை நம் மண்ணில் கிடைத்தது.

ஜகார்த்தாவில் நடந்தது

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழானது. 1985 இந்தோனேசியப் பொதுப் போட்டியின்போது அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது.

இதைப் புரிந்துகொள்ள கோல்ஃப் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுற்று என்பது 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பெரும்பாலான போட்டிகள் நான்கு நாள், நான்கு சுற்று நடக்கும். இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்கள் வெளியேற்றப்படுவார்கள். இதைத்தான் 'கட்' என்கிறார்கள். அதில் தப்பாதவர்களுக்குப் பரிசுப் பணம் கிடைக்காது. சொந்தச் செலவில் வந்த இளம் ஆட்டக்காரருக்கு அந்த ஓர் அடி வித்தியாசம் அடுத்த ஊருக்கான விமானக் கட்டணம்.

கோல்ஃபில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பின்னால் நடுவர் நடப்பதில்லை. உடன் ஆடுபவர் அடிகளைக் குறித்துத் தருவார். சரிபார்த்துக் கையெழுத்திடுவது ஆட்டக்காரரின் பொறுப்பு. எடுத்த அடிகளைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்து தகுதி நீக்கம். நாணயத்தின் மீதே நிற்கும் விளையாட்டு என்பதால், இதில் பொய்க் கணக்கு எழுதினார் என்ற பெயர் வந்துவிட்டால் அது ஒருவரை எளிதில் விடாது.

'கட்'டைத் தாண்டுவதற்காக ஓர் அடியைக் குறைத்து எழுதினார் என்பதே விஜய் சிங் மீதான புகார். அவர் மறுத்தார். குறித்துத் தந்தவருக்கும் தமக்கும் ஏற்பட்ட குழப்பம்தான் அது என்றும், அதிகபட்சம் அந்தப் போட்டியிலிருந்து தம்மை நீக்கியிருக்கலாமே தவிர அதற்குமேல் தண்டித்திருக்கக் கூடாது என்றும் அவர் பின்னர் கூறினார். ஆசியச் சுற்று அவரை இடைநீக்கம் செய்தது. அந்த மறுப்பிலிருந்து அவர் இன்றுவரை பின்வாங்கவில்லை. குற்றச்சாட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் வென்ற ஒவ்வொரு பெரிய போட்டியின்போதும் செய்தியாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

22 வயது. சொந்த ஊரில் வாய்ப்பில்லை. வந்த இடத்தில் கதவு சாத்தப்பட்டது. அந்த ஆண்டுதான் ஆர்டெனா சேத் என்பவரை மணந்திருந்தார்.

போர்னியோவின் ஆண்டுகள்

அவர் ஃபிஜிக்குத் திரும்பவில்லை. கெனிங்காவிலும், பிறகு சரவாக்கின் மிரியிலும் கிளப் பயிற்றுநராக வேலையில் சேர்ந்தார்.

கிளப் பயிற்றுநர் என்பது போட்டிகளில் ஆடும் வேலை அல்ல. உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, அவர்களோடு ஆடுவது என்று நாள் போய்விடும். வெட்டுமர முதலாளிகளும் அரசு அதிகாரிகளும் எண்ணெய் நிறுவன ஊழியர்களும்தான் அவரது மாணவர்கள். வெப்பமும் மழையும் எப்படி என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி கேமரா இல்லை. பரிசுப் பணம் இல்லை. மீண்டும் எப்போது ஆட விடுவார்கள் என்ற உறுதியும் இல்லை.

அந்த ஆண்டுகளில் அவர் செய்தது ஒன்றே ஒன்று. பயிற்சி. பாடம் முடிந்ததும் பயிற்சித் திடலுக்குப் போய்விடுவார். தமது ஆட்டம் உருவான இடம் அதுதான் என்று பிற்காலத்தில் அவரே போர்னியோ நாள்களைக் குறிப்பிட்டிருக்கிறார். உலகிலேயே அதிக நேரம் பயிற்சி செய்யும் கோல்ஃப் ஆட்டக்காரர் என்று பின்னாளில் அவருக்குப் பெயர் வந்தது. போட்டியில் அன்றைய சுற்று முடிந்து மற்றவர்கள் தங்குவிடுதிக்குப் போன பிறகும் இருட்டும்வரை அவர் பந்து அடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கம் அமெரிக்காவில் வந்ததல்ல.

மிரியில் அவர் இருந்தபோது, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் நிர்வாகி அவரது ஆட்டத்தைக் கண்டார். உதவ முன்வந்தார். கணவனும் மனைவியும் சேர்த்து வைத்த பணத்தோடு அந்த உதவியும் சேர, விஜய் சிங் மீண்டும் போட்டி உலகை நோக்கிப் புறப்பட்டார். ஆசியா அடைத்த கதவை விட்டுவிட்டு, அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

இதே காலத்தில், 1987இல், ஃபிஜியில் இராணுவப் புரட்சி நடந்தது. இந்தியர்கள் பெரும் எண்ணிக்கையில் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கினர். விஜய் சிங்கும் பிறகு வேறு நாட்டில்தான் குடியேறினார். ஆனால், ஆடிய ஒவ்வொரு போட்டியிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஃபிஜி என்றே இருந்தது.

கிளப் வாசலில் காவல்

1987இல் ஐரோப்பியச் சுற்றுக்கான தகுதித் தேர்வில் தோற்றார். கையில் இருந்த பணம் கரைந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஓர் இரவு விடுதியின் வாசலில் காவலாளாக வேலை பார்த்தார். ஆறடி இரண்டு அங்குல உயரம் அந்த வேலைக்கு உதவியது.

1988இல் நைஜீரியப் பொதுப் போட்டியை வென்றார். அதே ஆண்டு இரண்டாம் முயற்சியில் ஐரோப்பியத் தகுதித் தேர்விலும் தேறினார். 1989இல் இத்தாலியில் நடந்த வால்வோ பொதுப் போட்டியில் ஐரோப்பியச் சுற்றின் முதல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு நைஜீரியாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஐவரி கோஸ்டிலும் வென்றார். 1990இல் ஸ்பெயின், 1991இல் மொரோக்கோ, 1992இல் மீண்டும் ஸ்பெயின், பிறகு ஜெர்மனி என்று கோப்பைகள் சேர்ந்தன.

1992இல் இன்னொரு வெற்றியும் உண்டு. மலேசியப் பொதுப் போட்டி. இடைநீக்கம் செய்யப்பட்டவராக இந்த நாட்டின் ஒரு மூலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதே நாட்டின் முதன்மையான போட்டியில் கோப்பையைத் தூக்கினார்.

அமெரிக்காவில்

1993இல் அமெரிக்காவின் பிஜிஏ சுற்றுக்குச் சென்றார். முதல் ஆண்டிலேயே பியூக் கிளாசிக் போட்டியை வென்று, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 30. அந்த வயதில் புதுமுகம் என்ற பட்டம் பெறுபவர்கள் அரிது.

கோல்ஃபில் ஆண்டுக்கு நான்கு போட்டிகளை 'மேஜர்' என்பார்கள். மாஸ்டர்ஸ், அமெரிக்கப் பொதுப் போட்டி, பிரிட்டனின் ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப். டென்னிசில் கிராண்ட் ஸ்லாம் எப்படியோ அப்படி. ஓர் ஆட்டக்காரரின் உயரத்தை இவற்றை வைத்துத்தான் அளப்பார்கள்.

1998 ஆகஸ்டில், வாஷிங்டன் மாநிலத்தின் சஹாலி திடலில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரைவிட இரண்டு அடிகள் முன்னிலையில் வென்றார். அதுவே முதல் மேஜர்.

இரண்டாவது 2000ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ். ஜார்ஜியாவின் ஆகஸ்டா திடலில், எர்னி எல்ஸைவிட மூன்று அடிகள் குறைவாக, மொத்தம் 278 அடிகளில் முடித்தார். அந்த வாரம் அவரது கோல்ஃப் பையில் ஒரு சீட்டு குத்தப்பட்டிருந்தது. மட்டை வீச்சை நம்பும்படி அப்பாவுக்கு ஒன்பது வயது மகன் காஸ் எழுதிய சீட்டு.

அந்த வெற்றியின் எடையை அப்போது யாரும் முழுதாக உணரவில்லை. அந்த ஆண்டு மீதமிருந்த மூன்று மேஜர்களையும், அடுத்த ஆண்டு மாஸ்டர்ஸையும் டைகர் வுட்ஸ் வென்றார். 2000இல் வுட்ஸ் கைக்கு எட்டாமல் போன ஒரே மேஜர் விஜய் சிங் வென்றதுதான்.

மாஸ்டர்ஸ் வென்றவர், அடுத்த ஆண்டு முன்னாள் வெற்றியாளர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். என்ன சமைப்பது என்பதை அவரே முடிவு செய்வார். விஜய் சிங் தாய்லாந்து உணவைத் தேர்ந்தெடுத்தார். தேங்காய்ப் பால் சூப், பானாங் கோழிக் கறி, மிளகாய்ச் சாந்தோடு மீன். தென்கிழக்காசியாவில் பழகிய நாக்கு ஆகஸ்டாவிலும் மாறவில்லை.

மீண்டும் இங்கே

2001 பிப்ரவரியில் அவர் இந்தப் பக்கம் வந்தார். சௌஜானா திடலில் நடந்த மலேசியப் பொதுப் போட்டியில் அயர்லாந்தின் பாட்ரேக் ஹாரிங்டனோடு சமநிலை கண்டு, பிளே-ஆஃப்பில் வென்றார். அதே மாதம் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் கைப்பற்றினார். இரண்டும் ஐரோப்பியச் சுற்றுக் கணக்கில் சேரும் போட்டிகள். 1984, 1992, 2001 என மூன்று முறை மலேசியாவில் அவர் வென்றிருக்கிறார்.

2004: உச்சம்

2003இல் அமெரிக்கச் சுற்றில் நான்கு பட்டங்களை வென்று, பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவர் வுட்ஸ்.

2004 அதைவிடப் பெரியது. ஒரே ஆண்டில் ஒன்பது பட்டங்கள். பரிசுப் பணம் 10,905,166 அமெரிக்க டாலர். ஒரே பருவத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

அந்த ஒன்பதில் ஒன்று மூன்றாவது மேஜர். விஸ்கான்சினின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் திடலில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப் அது. கடைசி நாளில் அவர் மோசமாக ஆடினார். 18 குழிகளில் ஒன்றில்கூட 'பேர்டி', அதாவது நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு, கிடைக்கவில்லை. 76 அடிகள். பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றவர்களின் கடைசிச் சுற்றுகளில் அதுவே அதிகம். ஆனாலும் ஜஸ்டின் லெனார்ட், கிறிஸ் டிமார்கோ ஆகியோரோடு சமநிலை. மூன்று குழி பிளே-ஆஃப் தொடங்கியது. அன்றைய நாளின் முதல் பேர்டியை அதன் முதல் குழியில் அடித்தார். கோப்பை அவருடையது.

மூன்று வாரங்கள் கழித்து பாஸ்டன் அருகே டாய்ட்ச் பேங்க் போட்டி. கடைசி நாளில் டைகர் வுட்ஸோடு சேர்ந்து ஆடி, அவரை மூன்று அடிகளில் பின்தள்ளி வென்றார். அன்று உலகத் தரவரிசையின் முதலிடமும் கைமாறியது. மொத்தம் 32 வாரங்கள் அவர் அந்த இடத்தில் இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இருவரின் போட்டிக்கு ஒரு முன்கதை உண்டு. 2000ஆம் ஆண்டு பிரெசிடென்ட்ஸ் கோப்பையில் இருவரும் மோதியபோது, விஜய் சிங்கின் கேடி 'டைகரா, யார் அது?' என்ற பொருளில் எழுதிய தொப்பியை அணிந்து வந்தார். அன்று வென்றவர் வுட்ஸ். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பதில் தொப்பியில் எழுதப்பட்டதல்ல.

நாற்பதுக்குப் பிறகு

பிஜிஏ சுற்றில் அவரது மொத்தப் பட்டங்கள் 34. அவற்றில் 22 பட்டங்கள் 40 வயதுக்குப் பிறகு வென்றவை. அதற்கு முன்பு அந்தச் சாதனை 17 பட்டங்களோடு சாம் ஸ்னீட் வசம் இருந்தது. பெரும்பாலோர் இறங்கத் தொடங்கும் வயதில் அவர் ஏறினார். 2008இல், 45 வயதில், பருவ இறுதித் தொடரான ஃபெடெக்ஸ் கோப்பையையும் அதற்கான ஒரு கோடி டாலரையும் வென்றார்.

இதற்குக் காரணம் என்ன? அவரது மட்டை வீச்சில் அவசரம் கிடையாது. முதுகையும் இடுப்பையும் வலுவாக வைத்துக்கொள்ள உடற்பயிற்சியைத் தொழில் போலவே செய்தார். பந்தை அடித்த மறுகணம் வலக்கை மட்டையிலிருந்து லேசாக விலகும். பாடப்புத்தகம் அதை ஏற்காது. ஆனால், நாளுக்கு நூற்றுக்கணக்கான பந்துகளை அதே முறையில் அடித்து அதைத் தம் உடம்பின் இயல்பாக்கிக்கொண்டார். குழிக்கு அருகே மெல்லத் தட்டும் 'பட்'தான் அவரது பலவீனம். வெவ்வேறு நீளத்து மட்டைகளை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓட்டையை மறைக்காமல் அடைக்கப் பார்த்தவர் என்று சொல்லலாம்.

புகழோடு வந்த சர்ச்சை

எல்லாரும் விரும்பிய வீரர் என்று அவரைச் சொல்ல முடியாது. செய்தியாளர்களிடம் அதிகம் பேச மாட்டார். 2003இல் சுவீடனின் அன்னிக்கா சோரன்ஸ்டாம் ஆண்களுக்கான பிஜிஏ போட்டியில் ஆட அழைக்கப்பட்டார். 58 ஆண்டுகளில் ஒரு பெண் அப்படி ஆடுவது அதுவே முதல்முறை. அவருக்கு அங்கே வேலையில்லை, அவர் 'கட்'டில் வெளியேற வேண்டும் என்ற பொருளில் விஜய் சிங் பேசினார். கடும் கண்டனம் எழுந்தது. தனிப்பட்ட முறையில் அவரைப் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகப் பிறகு கூறினார். தாமும் அந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். கதவு சாத்தப்படுவதன் வலி தெரிந்த ஒருவர், இன்னொருவருக்குத் திறந்த கதவைக் குறை சொன்னது பலருக்கும் ஏமாற்றமாக இருந்தது.

2013இல் மற்றொரு சோதனை. மான் கொம்பிலிருந்து எடுக்கப்பட்ட சாரம் கலந்த தெளிப்பு மருந்தைப் பயன்படுத்தியதாக ஓர் ஏட்டில் அவர் கூறியிருந்தார். தடைசெய்யப்பட்ட பொருள் அதில் இருப்பதாகச் சொல்லி பிஜிஏ சுற்று நடவடிக்கை எடுத்தது. அந்தத் தெளிப்பைத் தாங்கள் தடைசெய்யப்பட்டதாகக் கருதவில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தெளிவுபடுத்தியதும், ஏப்ரல் இறுதியில் நடவடிக்கை கைவிடப்பட்டது. ஆனால், அதற்குள் பெயர் கெட்டுவிட்டது என்று சொல்லி விஜய் சிங் நீதிமன்றம் போனார். அவர் வீடு இருக்கும் புளோரிடாவின் பொன்டே வெட்ரா பீச்சில்தான் பிஜிஏ சுற்றின் தலைமையகமும் இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்து, 2018 நவம்பரில் இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன.

1985இல் கையில் காசில்லாத 22 வயது இளைஞராக அவரால் ஒரு தீர்ப்பை எதிர்த்து எதுவும் செய்ய முடியவில்லை. 50 வயதில் அப்படி விட அவர் தயாராக இல்லை. இந்த வழக்கை அவரது பிடிவாதமாகப் பார்ப்பவர்களும் உண்டு. பழைய காயத்தின் தொடர்ச்சியாகப் பார்ப்பவர்களும் உண்டு.

மகனோடு ஒரு கோப்பை

2005இல் உலகக் கோல்ஃப் புகழ் மன்றத்துக்குத் தேர்வாகி, 2006இல் அதில் சேர்க்கப்பட்டார். 50 வயதைக் கடந்தோருக்கான சுற்றிலும் அவர் ஓயவில்லை. 2018இல் மூத்த ஆட்டக்காரர்களுக்கான மேஜர்களில் ஒன்றான சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை பிளே-ஆஃப்பில் வென்றார்.

2022 டிசம்பரில், குடும்பத்தினர் இணைந்து ஆடும் பிஎன்சி சாம்பியன்ஷிப்பில் விஜய் சிங்கும் காஸும் முதலிடம் பெற்றனர். 2000இல் அப்பாவின் பையில் சீட்டுக் குத்தி அனுப்பிய சிறுவன், 32 வயதில் அப்பாவோடு சேர்ந்து கோப்பை வாங்கினார். அவரும் தொழில்முறை ஆட்டக்காரரே.

நமக்கு

நம் நாட்டில் கோல்ஃபைப் பணக்காரர் விளையாட்டு என்றே பார்க்கிறோம். ஆனால், தோட்டங்களை ஒட்டிய திடல்களில் புல் வெட்டியவர்களும் பை சுமந்தவர்களும் நம்மவர்கள்தான். அப்படிப்பட்ட சூழலில் விளையாட்டைக் கற்றுக்கொண்டவர்கள் பலர். எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் மலேசியப் பெயரை ஆசியத் திடல்களில் ஒலிக்கச் செய்தவர்கள்.

விஜய் சிங்கின் வாழ்க்கை ஒரு நீதிக்கதை போல நேர்கோட்டில் போகவில்லை. ஜகார்த்தாவில் உண்மையில் என்ன நடந்தது என்பது பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. ஆனால், அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இளம் வயதில் ஒரு பழி விழுந்தால் அத்தோடு வாழ்க்கை முடிந்தது என்று சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், கெனிங்காவில் பாடம் முடிந்த பிறகும் பந்து அடித்துக்கொண்டிருந்த அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லுங்கள். அவரை வேலைக்கு வைத்துக்கொண்ட கிளப்பையும், உதவ முன்வந்த அந்தச் சிங்கப்பூர் நிர்வாகியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

விஜய் சிங்: ஒரு பார்வை

பிறப்பு: 1963 பிப்ரவரி 22, லவுத்தோக்கா, ஃபிஜி
தொழில்முறை ஆட்டக்காரர் ஆனது: 1982
முதல் பட்டம்: மலேசியப் பிஜிஏ சாம்பியன்ஷிப், 1984
மேஜர் பட்டங்கள்: பிஜிஏ சாம்பியன்ஷிப் (1998, 2004), மாஸ்டர்ஸ் (2000)
பிஜிஏ சுற்றுப் பட்டங்கள்: 34 (40 வயதுக்குப் பின் 22)
மலேசியாவில் வென்றவை: மலேசியப் பிஜிஏ (1984), மலேசியப் பொதுப் போட்டி (1992, 2001)
சிங்கப்பூரில் வென்றது: சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் (2001)
உலகின் முதலிடத்தில்: மொத்தம் 32 வாரங்கள்
ஃபெடெக்ஸ் கோப்பை: 2008
குடும்பம்: மனைவி ஆர்டெனா சேத், மகன் காஸ்